வாதியும் பிரதிவாதியும் ஒரே தெப்பத்தில்

1991-ம் வருஷம், ஐப்பசி மழைக்காலம். நான் கறுப்பு கோட் போட ஆரம்பித்து இரண்டு வருஷம்கூட முடியவில்லை. ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் நடுவில், மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருந்த ஒரு கிராமத்துக்கு என்னைப் போகச் சொல்லி கோர்ட் உத்தரவு போட்டது. இன்றைக்கு அந்தப் பக்கம் போனால் கம்பெனி கேட்டுகளும் கண்டெய்னர் லாரிகளும்தான் கண்ணில் படும். அப்போது ஏரி, ஏரிக்குக் கீழே வயல், எங்காவது ஒரு செங்கல் சூளை, அவ்வளவுதான்.

சிவில் வழக்கில் ஒரு இடத்தைப் பற்றித் தகராறு என்றால், நேரில் போய்ப் பார்த்து, அளந்து, எழுதிக் கொடுக்க ஒரு வக்கீலை கோர்ட் நியமிக்கும். அவருக்கு கமிஷனர் என்று பெயர். "எம் பொண்ணை கமிஷனராப் போட்டுட்டாங்க" என்று அம்மா குன்றத்தூரில் எங்கள் தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தாள். தெருவும் போலீஸ் கமிஷனர் என்றே நம்பியது. நானும் திருத்தவில்லை, இரண்டு நாள் மரியாதையாக இருந்தது.

வழக்கு இதுதான். ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் கலங்கல் வழியாக வழிந்து ஒரு ஓடையில் ஓடும். அந்த ஓடைக்கரையில், ஏரிப் பக்கம், முப்பது நாற்பது வீடுகள் உள்ள ஒரு சிற்றூர். மழை பிடித்தால் அவர்களுடைய வண்டிப்பாதை மூழ்கிவிடும். அப்புறம் மெயின் ரோட்டுக்கு வர ஒரே வழி, ஓடையிலேயே தெப்பத்தில் வருவதுதான். பள்ளிக்கூடப் பிள்ளைகள், நோயாளிகள், பால் கேன் எல்லாம் அதில்தான் வரும். வழக்குப் போட்டவள், அதாவது வாதி, நாற்பது வயசுக்காரி. வீட்டுக்காரருக்கு மறைமலை நகரில் ஷிப்ட் வேலை. இவள் நான்கைந்து வீட்டுப் பாலைச் சேர்த்து, தெப்பத்தில் கொண்டுவந்து, ரோட்டில் நிற்கும் பால் வண்டியில் ஏற்றுவாள். வண்டி போய்விட்டால் அன்றைய பால் வீண்.

ஓடை கொஞ்சம் கீழே இறங்கும் இடத்தில் பிரதிவாதியின் வயல். வருஷா வருஷம் வெள்ளம் புகுந்து நாற்று அழுகுகிறது, ஒரு வருஷம் வீட்டுச் சுவரே விழுந்தது என்று, அவரும் பக்கத்து வயல்காரர்களும் சேர்ந்து ஓடைக்குக் குறுக்கே மண்கரை எழுப்பிவிட்டார்கள். தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக இறங்க அடியில் இரண்டு சிமெண்ட் குழாய். மேலே ஆள் ஏறாதபடி முள்வேலி. அதோடு தெப்பம் நின்றது. கரையின் மேல்பக்கம் தண்ணீர் தேங்கியதில், முன்பு ஒரு வாரம் மூழ்கிய வண்டிப்பாதை இப்போது ஒரு மாதம் மூழ்கியது.

ஓடை எங்களுக்குத் தலைமுறை தலைமுறையாக வழி, கரையை எடுக்க வேண்டும் என்றாள் வாதி. வருஷத்தில் பத்து மாதம் ஆடு மேய்கிற பள்ளத்தை வழி என்று எப்படிச் சொல்வது, என் கரை வெள்ளத்தைத் தடுக்கப் போட்ட கரை என்றார் பிரதிவாதி. இதில் தெப்பம் போகுமா போகாதா, இதுதான் நான் பார்த்து எழுத வேண்டிய விஷயம். பிரதிவாதி வக்கீல் என்னைச் சித்திரை வெயிலில் அனுப்பப் பார்த்தார். வாதி வக்கீல் கார்த்திகை வரை இழுக்கப் பார்த்தார். கடைசியில் நீதிபதியே, "ஓடையில் தண்ணி இருக்கறப்போ போய்ப் பாருங்கம்மா" என்று முடித்துவிட்டார்.

ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். வாதியும் பிரதிவாதியும் அண்ணன் தங்கை. கூடப் பிறந்தவர்கள் இல்லை, சித்தப்பா பெரியப்பா மக்கள். ஆனால் ஒரே கூரையின் கீழ் வளர்ந்தவர்கள். கரை எழும்பிய நாளிலிருந்து, இரண்டு வருஷமாக, இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை.

நான் இரண்டு பஸ் மாறி இறங்கியபோது தூறிக்கொண்டிருந்தது. இரு தரப்பு வக்கீல்களும் ஆளுக்கொரு குடையோடு ரோட்டோர டீக்கடையில் இருந்தார்கள். கோர்ட்டில் முட்டிக்கொள்கிறவர்கள் அங்கே ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். என்னென்ன பார்க்க வேண்டும் என்று ஆளுக்கு ஒரு தாள் நீட்டிவிட்டு, "நீங்க போய்ப் பாத்துட்டு வாங்க மேடம், சேறா இருக்கு" என்றார்கள்.

வரப்பு வழியாகக் கரைக்குப் போனேன். அங்கே பிரதிவாதி, அவர் மனைவி, பக்கத்து வயல்காரர்கள் நாலைந்து பேர். கரைக்கு அந்தப் பக்கம் தண்ணீரில் தெப்பத்தோடு வாதி. நாலு காலி பேரல், மேலே மூங்கிலும் பலகையும் கட்டிய தெப்பம். கையில் நீள மூங்கில் கழி.

"வக்கீலம்மா, வூட்ல சமைச்சு வச்சிக்கீறோம். ஒரு வாய் சாப்ட்டு போலாம்" என்றார் பிரதிவாதியின் மனைவி.

"எங்க வூட்லயும் குழம்பு வச்சிக்கீது" என்றாள் வாதி தண்ணீரிலிருந்து.

கமிஷனர் எந்தத் தரப்பு வீட்டிலும் கை நனைக்கக் கூடாது. ஒரு வாய் தண்ணீர் குடித்தாலும் அடுத்த வாய்தாவில் அது புகாராக வந்து நிற்கும். இதை என் சீனியர் பலமுறை சொல்லி அனுப்பியிருந்தார். பசி வயிற்றைக் கிள்ள, "இப்பதான் சாப்பிட்டேன்" என்று இரண்டு பக்கமும் கூசாமல் பொய் சொன்னேன்.

ஒருவரை விட்டு ஒருவரைக் கூட்டிக்கொண்டு இடத்தைப் பார்க்கவும் கூடாது. ஆகவே வாதி, பிரதிவாதி, கமிஷனர் மூன்று பேரும் ஒரே தெப்பத்தில் ஏறினோம். அவள் பின்னால் நின்று கழி ஊன்றினாள். அவர் முன்னால், அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். பால் கேன் வைக்கும் நடு இடத்தில் நான், ஒரு கையில் குடை, ஒரு கையில் அளவு டேப். நீச்சல் தெரியாது என்பதை யாரிடமும் சொல்லவில்லை. கமிஷனருக்கு ஒரு கௌரவம் இருக்கிறதல்லவா.

பேச்சு எல்லாம் என் வழியாகத்தான்.

"வக்கீலம்மா, வேலில முள்ளு வச்சாரே, போன மழைல ஒரு புள்ள காலு கிழிஞ்சிது, தெரியுமான்னு கேளுங்க."

நான் முன்னால் திரும்பி, "உங்களுக்குத் தெரியுமா என்று கேட்கிறார்" என்பேன்.

"தெரியும்னு சொல்லுங்க. மறுநாளே அந்தப் பக்க முள்ளை எடுத்தனா இல்லையான்னு கேளுங்க."

நான் பின்னால் திரும்பி, "எடுத்தாராம்" என்பேன். கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிற இரண்டு பேருக்கு நடுவில் நான் தபால்காரியாக இருந்தேன். எரிச்சலாகவும் வந்தது, சிரிப்பும் வந்தது.

சிற்றூரைப் பார்த்தேன். வண்டிப்பாதை இருந்த இடத்தில் வேலிக்கால்களின் தலை மட்டும் தெரிந்தது. ஆழம், அகலம் எல்லாம் அளந்து குறித்துக்கொண்டேன். இதற்குள் மழை வலுத்துவிட்டது. கிளம்பும்போது வாதி சாயங்காலப் பாலை ஒரு கேனில் ஊற்றி, தெப்பத்தில் வைத்துக் கயிற்றால் கட்டினாள்.

"வக்கீலம்மா, வந்தது கோர்ட் வேலைக்கா, பால் யாவாரத்துக்கான்னு கேளுங்க."

"சும்மா போற தெப்பம்தான, இவுருக்கு இன்னா நஷ்டம்னு கேளுங்க."

நான் இரண்டையும் கேட்கவில்லை. அது இரண்டு பேருக்கும் வருத்தம்.

திரும்பி வரும்போது ஓட்டம் எங்களைத் தானாகவே தள்ளியது. அப்போதுதான் அவர் கரைக்கு அப்பால் தெரிந்த தன் வயலைக் காட்டினார். நட்டு ஒரு மாதம் ஆன பயிர், நல்ல பச்சை. சுவர் விழுந்த வருஷம் விதைநெல்லே மிஞ்சவில்லை என்றும், மனைவியின் நகையை வைத்துத்தான் அடுத்த வருஷம் நட்டதாகவும் சொன்னார். "எந்தங்கச்சி தெப்பத்த நிறுத்தணும்னு நான் கரை போடல வக்கீலம்மா. எனக்கு வேற வழி தெரில" என்றார். குரல் இறங்கியிருந்தது. பின்னால் கழி ஊன்றும் சத்தம் ஒரு கணம் நின்று, மறுபடி கேட்டது. அவள் காதில் விழுந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. இதை மட்டும் நான் திருப்பிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

யார் பக்கம் நியாயம் என்று எனக்குப் புரியவில்லை. காலையில் வரும்போது புரிந்த மாதிரிதான் இருந்தது.

கரையை நெருங்கினோம். நாங்கள் போயிருந்த நேரத்தில் கலங்கலில் தண்ணீர் அதிகமாக வழிய ஆரம்பித்திருந்தது போலும், தண்ணீர் மட்டம் ஏறியிருந்தது. குழாய்களின் வாய் வெளியே தெரியவில்லை. இறங்க வேண்டிய இடம் இடதுபக்கம். தெப்பமோ வலதுபக்கம் ஒதுங்கியது. முன்னால் இருந்தவர் கண்ணில்தான் அந்தச் சுழி முதலில் பட்டது.

"வக்கீலம்மா, கழிய வலப்பக்கம் ஊனச் சொல்லுங்க. குழாய் இழுக்குது."

குடைமேல் மழை கொட்டிய சத்தத்தில் எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. "என்ன சொன்னீங்க?" என்றேன். அவர் மறுபடி சொன்னார், என்னிடம்தான். நான் திரும்பி, "அம்மா, உங்க அண்ணன் என்ன சொல்றார்னா" என்று ஆரம்பித்தேன்.

வாக்கியம் முடியவில்லை. தெப்பம் சரேலென்று திரும்பிக் கரையில் இடித்தது. அவர் முள்வேலிமேல் போய் விழுந்தார். விழுந்த வேகத்திலேயே என் கையைப் பிடித்து இழுத்தார். குடை போனது, டேப் போனது, நான் கரைமேல் குப்புறக் கிடந்தேன். எழுந்து பார்த்தால் தெப்பம் ஒருக்களித்து நிற்கிறது, அதன் மூங்கிலைப் பிடித்தபடி அவள் தண்ணீரில். இடுப்புக்குக் கீழே குழாய் வாய்க்குள் இழுத்துவிட்டது. உள்ளே முள்ளும் செத்தையும் அடைத்துக் கிடந்ததால் அந்தப் பக்கமும் போகவில்லை, இந்தப் பக்கமும் வரவில்லை. தண்ணீர் தோள் வரை இருந்தது, ஏறிக்கொண்டும் இருந்தது.

"பாப்பா, கைய வுட்றாத."

இரண்டு வருஷம் கழித்து அவர் அவளிடம் நேராகப் பேசிய முதல் பேச்சு அது. நாற்பது வயசு தங்கையைப் பாப்பா என்றுதான் கூப்பிட்டார்.

அவரும் கரையில் காத்திருந்த வயல்காரர்களும் சேர்ந்து இழுத்தார்கள். ஒரு அங்குலம்கூட நகரவில்லை. ஓடையின் மொத்த ஓட்டமும் அவளை அந்தக் குழாயில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தது. அவருடைய மனைவி, நாத்தனாரோடு அவருக்கும்தான் பேச்சில்லை, கரைச் சரிவில் மண்டிபோட்டு அவள் தலையை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டார். தண்ணீர் முகவாய்க்கு வந்துவிட்டது.

பிரதிவாதி கரையின் இடது கோடியைப் பார்த்தார். அங்கே மண் புதிசு, இளக்கமாக இருந்தது. அதை வெட்டிவிட்டால் தண்ணீர் அந்தப் பக்கம் பாயும், குழாயின் இழுப்பு குறையும். ஆனால் அங்கே வெட்டினால் நேராக அவர் வயலில்தான் இறங்கும். இது நின்றிருந்த எல்லாருக்கும் தெரிந்தது. தண்ணீரில் இருந்தவளுக்கும் தெரிந்தது.

"அண்ணா, கரைய வெட்டாத. பயிரு பூடும். இன்னொரு தபா இழுத்துப் பாரு."

சொன்னது யார் என்று யோசித்துப் பாருங்கள். அந்தக் கரையை எடுக்க வேண்டும் என்று கோர்ட் ஏறியவள். வாய்க்குள் தண்ணீர் புகும் நேரத்தில் கரையை வெட்டாதே என்கிறாள்.

"நீ கம்முனு இரு" என்றார் அவர். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு ஓடினார். அவர் மனைவி தலையைத் திருப்பாமலே, "சீக்கிரம் வெட்டுய்யா" என்றார்.

அந்தக் கரையை உடைக்கக் கூடாது என்றுதான் அவர் வக்கீல் வைத்து வாதாடிக்கொண்டிருந்தார். அதை அவரே வெட்டினார். வேலி முள் கிழித்த கையிலிருந்து ரத்தம் மண்வெட்டிக் காம்பில் வழிந்தது. மற்றவர்களும் போய்ச் சேர்ந்துகொண்டார்கள். அவர்கள் வயலும் கீழேதான் இருந்தது, ஒருவர்கூடத் தடுக்கவில்லை. முதலில் ஒரு கோடு போலத் தண்ணீர் போனது. பிறகு மண்ணைக் கரைத்துக்கொண்டு பெரிய வாயாகப் பிளந்து, பச்சைப் பயிர்மேல் செம்மண் தண்ணீராகப் பாய்ந்தது. இங்கே மட்டம் மெல்ல இறங்கியது. மறுபடி இழுத்தார்கள். அவள் வந்துவிட்டாள்.

தொடையிலும் காலிலும் தோல் உரிந்திருந்தது, எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. கரைச் சரிவில் உட்கார்ந்து இருமினாள், வாந்தி எடுத்தாள், பிறகு திரும்பி மூழ்கும் வயலைப் பார்த்து வாய்விட்டு அழுதாள். "உயிரு பொழச்சதுக்கு அழுவுறியா, பயிருக்கு அழுவுறியா" என்று கேட்டார் அவர். "போ ணா" என்றாள். நான் என் கோட்டில் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். அது மழைத் தண்ணீர் மட்டும் இல்லை.

கயிற்றில் கட்டியிருந்த பால் கேன் கவிழாமல் அப்படியே இருந்தது. அதை எடுத்துக்கொண்டு எல்லாரும் அவர் வீட்டுக்குப் போனோம். எனக்குப் பல் கிட்டிக்கொண்டிருந்தது. அண்ணிக்காரி தன்னுடைய இரண்டு பழைய புடவைகளை எடுத்து, ஒன்றை நாத்தனாருக்கும் ஒன்றை எனக்கும் கொடுத்தார். அந்தப் பாலில் டீ போட்டுப் பெரிய டம்ளரில் கொண்டுவந்தார். வாதியின் பால், பிரதிவாதியின் அடுப்பு. சீனியர் சொல்லி அனுப்பியது எல்லாம் ஞாபகம் இருந்தது. வாங்கிக் குடித்தேன். அதற்குப் பிறகு அவர் வீட்டுச் சோற்றையும் சாப்பிட்டேன். வாழ்க்கையில் அவ்வளவு ருசியாக நான் சாப்பிட்டதில்லை.

அறிக்கை எழுதத்தான் சிரமப்பட்டேன். ஓடையில் தெப்பம் போகிறதா என்ற கேள்விக்கு, "போகிறது, கமிஷனரே போனார்" என்று எழுதினேன். கரை வெள்ளத்தைத் தடுக்கிறதா என்ற கேள்விக்கு, "தடுத்தது" என்று எழுதினேன். கரையின் தற்போதைய நிலை என்ற இடத்தில், "இல்லை" என்று எழுதினேன். நீதிபதி அதைப் படித்துவிட்டு மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். யார் உடைத்தார்கள் என்றார். பிரதிவாதி என்றேன். வாதி தடுத்தாரா என்றார். தடுத்தார் என்றேன். கோர்ட்டில் எல்லாரும் சிரித்தார்கள். இரண்டு வக்கீல்கள் மட்டும் சிரிக்கவில்லை. நன்றாக ஓடிக்கொண்டிருந்த வழக்கு அல்லவா.

அடுத்த வாய்தாவில் இரண்டு பேரும் ராஜியாக, அதாவது சமாதானமாக, போவதாகச் சொன்னார்கள். ஓடைக்குக் குறுக்கே கரை வேண்டாம், வயலை ஒட்டி ஓடையின் ஓரமாக நீளவாக்கில் கரை போடலாம், தெப்பம் எப்போதும்போலப் போகலாம். குறுக்குக் கரையை விட அது நாலு பங்கு வேலை. முன்பு அவர் அதை யோசிக்காமல் இல்லை, மண் சுமக்க அவ்வளவு ஆள் இல்லை. இந்த முறை சிற்றூர்க்காரர்கள் வீட்டுக்கு ஒருவர் வருவதாக ஒப்புக்கொண்டிருந்தார்கள். பயிரில் முக்கால்வாசி அழுகிவிட்டதாம். தங்கை வீட்டு வயலில் தழைத்திருந்த பயிரைப் பிரித்து எடுத்துவந்து, இடைவெளியில் நட்டுக் கொடுத்திருக்கிறார்கள். முழு விளைச்சல் வராது, ஆனால் வீட்டுக்கு நெல் வரும் என்றாள் அவள்.

இருவருக்கும் சம்மதமா என்று நீதிபதி கேட்டார். பிரதிவாதி பழக்கதோஷத்தில் என் பக்கம் திரும்பி, "வக்கீலம்மா, எந்தங்கச்சிக்கு சம்மதமான்னு கேளுங்க" என்றார்.

"பக்கத்துலதான நிக்கிறேன். என்னையே கேளு ணா" என்றாள் அவள்.

அவர் திரும்பி நேராக அவளையே கேட்டார்.

இப்போது எனக்கும் தலை நரைத்துவிட்டது, என்னிடமும் ஜூனியர்கள் இருக்கிறார்கள். அண்ணன் தம்பி, அக்கா தங்கை என்று யாராவது வழக்குக் கட்டோடு வந்தால், நான் முதலில் கேட்பது கடைசியாக இரண்டு பேரும் நேராகப் பேசியது எப்போது என்றுதான். கோர்ட் கேட்டதற்கெல்லாம் அன்றைக்கு அறிக்கையில் பதில் எழுதிக் கொடுத்துவிட்டேன். ஆனால், முகவாய் வரை தண்ணீர் வந்தபோதும் "வெட்டாதே" என்று சொன்ன தங்கையையும், அதைக் காதில் வாங்காமல் வெட்டிய அண்ணனையும் எழுதிவைக்க அந்தத் தாளில் இடம் இல்லாமல் போனது, இத்தனை வருஷமாக எனக்குக் குறையாகவே இருந்தது.